காப்புரிமை பெறாத கண்டுபிடிப்பு

மார்பகத்தில் கட்டியுடன் மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு, அது புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகும் ஒரு காத்திருப்பு எஞ்சியிருக்கிறது. கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட சிறு துணுக்கு, நோய்க்குறியியல் ஆய்வகத்தில் மெழுகில் பதிக்கப்பட்டு, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகிறது. அதன்மேல் ஒரு துளி திரவம் இடப்படுகிறது. சில வேதிப் படிநிலைகளுக்குப் பிறகு நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்களின் உட்கருக்கள் பழுப்பு நிறம் கொண்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒருவகைச் சிகிச்சை. நீலமாகவே நின்றிருந்தால் வேறு வகைச் சிகிச்சை. பல ஆண்டுகளுக்கான மருத்துவப் பாதையை அந்த நிறம் தீர்மானிக்கிறது.

அந்தப் பழுப்பு நிறம் காட்டுவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதத்தை. உட்கருவுக்குள் இருந்துகொண்டு, எந்த மரபணு எப்போது படியெடுக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதங்களுள் அதுவும் ஒன்று. பல்லாயிரம் வகைப் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒரு செல்லுக்குள் அந்த ஒன்றை மட்டும் தேடிச்சென்று பற்றிக்கொள்வது, கண்ணாடித் தகட்டில் இடப்பட்ட துளியில் இருக்கும் எதிர்ப்பொருள். செய்தித்தாள்களில் ஆன்டிபாடி என்று நாம் படிப்பது இதைத்தான். இன்று உலகெங்கும் ஆய்வகங்களின் குளிர்பதனப் பெட்டிகளில் சிறு குப்பிகளில் உறங்கும் இத்தகைய எதிர்ப்பொருள்களை, யார் கையிலும் ஒரேபோல் இயங்கும் கருவியாக மாற்றியவர்களில் முதன்மையானவர் செசார் மில்ஸ்டைன்.

1927 அக்டோபர் 8 அன்று ஆர்ஜென்டீனாவின் பாஹியா பிளாங்கா என்னும் துறைமுக நகரில் அவர் பிறந்தார். தந்தை, சிறுவயதிலேயே தனித்து வாழ நேர்ந்த யூதப் புலம்பெயர்ந்தவர். தாய், ஏழைப் புலம்பெயர் குடும்பத்தில் பிறந்து ஆசிரியையானவர். மூன்று மகன்களுள் நடுப்பிள்ளை செசார். பிள்ளைகள் மூவரும் பல்கலைக்கழகப் படி ஏற வேண்டும் என்பதற்காக எந்தத் தியாகத்துக்கும் அந்தப் பெற்றோர் தயங்கவில்லை. கல்வி ஒன்றே அடுத்த தலைமுறைக்குத் தரக்கூடிய சொத்து என்று நம்பிய எண்ணற்ற குடும்பங்களில் அதுவும் ஒன்று.

பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற மில்ஸ்டைன், வகுப்பில் முதலிடம் பெறும் மாணவராக இருந்ததில்லை. பாடநூல்களுக்கு இணையாக மாணவர் சங்கப் பணிகளும் அவரை ஈர்த்தன. சங்கத்தில்தான் சீலியாவைச் சந்தித்தார். 1953-இல் திருமணம் செய்துகொண்ட இருவரும், கையில் பெரிய பணமின்றி, வழியில் செல்லும் வாகனங்களில் இடம் கேட்டு ஏறி, ஓராண்டுக் காலம் ஐரோப்பா முழுவதும் சுற்றினர். திரும்பி வந்ததும் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியது. உதவித்தொகை ஏதுமில்லை. கணவனும் மனைவியும் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினர். நொதி ஒன்றின் செயல்வேகத்தைப் பற்றிய அந்த ஆய்வு முடிந்ததும், பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவித்தொகையில் 1958-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஃபிரெடெரிக் சாங்கரின் அறிமுகம் கிடைத்தது. இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்து 1958-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர் சாங்கர். பின்னர் 1980-இலும் அப்பரிசைப் பெற்றார். அவருடன் பணியாற்றிய காலம் மில்ஸ்டைனின் அறிவியல் பார்வையை வடிவமைத்தது. இரண்டாவது முனைவர் பட்டத்தையும் அங்கே பெற்ற மில்ஸ்டைன், 1961-இல் தாயகம் திரும்பினார். பியூனஸ் அயர்ஸில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது உலகின் பல முன்னணி நாடுகளிலேயே அத்துறை முளைவிட்டுக்கொண்டுதான் இருந்தது. வளர்ந்த நாடொன்றில் கற்றதைத் தன் மண்ணில் விதைக்கத் திரும்பிய இளைஞர் ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான பணி இருந்திருக்க முடியாது.

அந்தக் கனவுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுகள்தாம். 1962 மார்ச் மாதத்தில் ராணுவம் குடியரசுத் தலைவர் ஆர்துரோ ஃபிரோந்திசியைப் பதவியிலிருந்து இறக்கியது. தாராளச் சிந்தனை கொண்ட அறிஞர்கள்மீது அதிகாரத்தின் சினம் திரும்பியது. நிறுவனத்தின் இயக்குநர் பழிவாங்கப்பட்டார். அவருக்குக் கீழ் பணியாற்றியவர்களும் அதற்குத் தப்பவில்லை. மனம் நொந்த மில்ஸ்டைன் பதவி விலகி 1963-இல் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார்.

ஆர்ஜென்டீனாவுக்கு இது முதல் இழப்பன்று. அந்நாட்டின் முதல் அறிவியல் நோபல் அறிஞரான பெர்னார்தோ ஊசாய், மக்களாட்சியை வலியுறுத்திய அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டதற்காக 1943-இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். 1966-இல் பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்த காவல்துறை பேராசிரியர்களைத் தடியால் அடித்து வெளியேற்றியது. நூற்றுக்கணக்கானோர் நாட்டைவிட்டே சென்றனர். ஆட்சியாளர் ஒருவரின் கோபம் சில மாதங்களில் தணிந்துவிடலாம். அதனால் கலைந்துபோன ஓர் ஆய்வுக்குழுவை மீண்டும் கூட்டுவதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

மருத்துவ ஆராய்ச்சி மன்றம் கேம்பிரிட்ஜில் புதிதாக நிறுவியிருந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சாங்கர் பிரிவுத் தலைவராக இருந்தார். நொதிகளை விட்டு எதிர்ப்பொருள்களை ஆராயுமாறு மில்ஸ்டைனுக்கு அவர் ஆலோசனை கூறினார். நம் உடலுக்குள் நுழையும் அன்னியப் பொருள் எதுவாயினும் அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளை உடல் தயாரித்துவிடுகிறது. இயற்கையில் இல்லாத, ஆய்வகத்தில் நேற்று உருவாக்கப்பட்ட ஒரு வேதிப்பொருளுக்குக்கூட எதிர்ப்பொருள் உருவாகிறது. அளவோடு கூடிய மரபணுத் தொகுதியைக்கொண்டு அளவிறந்த வகை எதிர்ப்பொருள்களை உடல் எப்படிப் படைக்கிறது? இந்தப் புதிர்தான் மில்ஸ்டைனின் எஞ்சிய வாழ்நாளை ஆட்கொண்டது.

எதிர்ப்பொருளைக் கருவியாகப் பயன்படுத்தும் எண்ணம் அதற்கு முன்பே பிறந்திருந்தது. திசுவுக்குள் ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருளையே அனுப்பலாம் என்று முதலில் செய்துகாட்டியவர் ஹார்வர்டு மருத்துவரான ஆல்பர்ட் கூன்ஸ். எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைத்து, அதைத் திசுச் சீவலின்மேல் இட்டு, எங்கே ஒளி தெரிகிறதோ அங்கே தேடிய பொருள் இருக்கிறது என்று அறியும் முறையை அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1940-களின் தொடக்கத்தில் உருவாக்கினர். போரினால் தடைபட்ட அந்த ஆய்வை 1950-இல் அவர் முழுமைப்படுத்தினார். இன்று நோய்க்குறியியல் ஆய்வகங்களில் காணும் பழுப்பு நிறச் சோதனை, அந்தச் சிந்தனையின் வழிவந்ததுதான்.

ஆனால், அந்தக் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசி போட்டு, அதன் குருதியிலிருந்து நிணநீரைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த நிணநீரில் நாம் விரும்பும் எதிர்ப்பொருள் மட்டும் இருப்பதில்லை. அந்த விலங்கு தன் வாழ்நாளில் சந்தித்த எல்லாக் கிருமிகளுக்கும் எதிரானவை கலந்திருக்கும். விரும்பும் எதிர்ப்பொருளும் ஒரே வகையாக இராது. இலக்கின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு வலுவுடன் பற்றும் பலவகைக் கலவையாகவே இருக்கும். ஒரு முயலின் நிணநீர் மற்றொரு முயலின் நிணநீரைப் போல் இருப்பதில்லை. நல்ல முடிவு தந்த முயல் இறந்துவிட்டால், அந்தக் கருவியும் அதனுடன் முடிந்துவிடும். ஓர் ஆய்வகம் கண்டதை வேறோர் ஆய்வகம் சரிபார்க்க முனைந்தால், இருவர் கையிலும் இருப்பது ஒரே பொருள் அல்ல என்பதே முதல் தடையாக நிற்கும். ஊருக்கு ஒரு படியும் மரக்காலும் இருந்த காலத்துச் சந்தையைப் போன்ற நிலை அது.

தீர்வு, வேறொரு கேள்வியின் வழியாக வந்தது. எதிர்ப்பொருள் மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்களைத் தொடர்ந்து கவனிக்க, எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும் செல்கள் மில்ஸ்டைனுக்குத் தேவைப்பட்டன. எதிர்ப்பொருளைச் சுரக்கும் இயல்பான செல்களை உடலிலிருந்து எடுத்தால் சில நாள்களில் மடிந்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த புற்றுநோய்ச் செல்களோ வளர்ப்புக் குடுவையில் முடிவின்றிப் பெருகும். ஆனால், அவை சுரக்கும் எதிர்ப்பொருள் எதைப் பற்றும் என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கு இலக்கு உண்டு, ஆயுள் இல்லை. மற்றொன்றுக்கு ஆயுள் உண்டு, இலக்கு தெரியாது. 1973-இல் மில்ஸ்டைனும் அவருடன் பணியாற்றிய ரிச்சர்டு காட்டனும் எலியின் புற்றுநோய்ச் செல்லையும் சுண்டெலியின் புற்றுநோய்ச் செல்லையும் இணைத்து, இணைந்த செல் இரண்டின் எதிர்ப்பொருள்களையும் சுரப்பதைக் காட்டியிருந்தனர்.

1974-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜஸ் கோலர் என்னும் இளைஞர் பாசலிலிருந்து மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. இருவரும் சேர்ந்து வகுத்த சோதனை எளிமையானது. செம்மறியாட்டின் சிவப்பணுக்களைச் சுண்டெலிக்குச் செலுத்தினர். சுண்டெலியின் மண்ணீரலில் அதற்கான எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்கள் உருவாயின. அவற்றை எடுத்துப் புற்றுநோய்ச் செல்களுடன், செயலிழக்கச் செய்யப்பட்ட ஒரு தீநுண்மியின் உதவியால் இணைத்தனர். பின்னர் எல்லாவற்றையும் ஒரு சிறப்பு ஊடகத்தில் வளர்த்தனர். ஒரு குறிப்பிட்ட நொதி இல்லாத புற்றுநோய்ச் செல்கள் அந்த ஊடகத்தில் பிழைக்க முடியாது. மண்ணீரல் செல்கள் தாமாகவே மடிந்துவிடும். இரண்டும் இணைந்த கலப்புச் செல்கள் மட்டுமே பிழைக்கும். புற்றுநோய்ச் செல்லின் சாகாத்தன்மையும் மண்ணீரல் செல்லின் இலக்கறிவும் அவற்றுக்குள் ஒருசேர வாழும்.

சோதனை வென்றதா என்று பார்க்க, அந்தச் செல்களைச் செம்மறியாட்டுச் சிவப்பணுக்கள் கலந்த தட்டில் பரப்பினர். சரியான எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்லைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் சிதைந்து, அங்கே ஒரு தெளிந்த வளையம் தோன்றும். தோல்வியை எதிர்பார்த்தே கோலர் ஆய்வகத்தின் நிலவறைக்குச் சென்றார். சலிப்பான வேலைக்குத் துணையாக மனைவியையும் அழைத்துச் சென்றிருந்தார். முதல் தட்டிலேயே வளையங்கள் தெரிந்தன. அடுத்ததிலும் தெரிந்தன.

1975 ஆகஸ்ட் 7 அன்று நேச்சர் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளியானது. ஒரே ஒரு கலப்புச் செல்லைப் பிரித்தெடுத்து வளர்த்தால், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் அணுவளவும் மாறாத ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கும். அவற்றை உறைநிலையில் சேமிக்கலாம். பத்தாண்டுகள் கழித்தும் உயிர்ப்பிக்கலாம். கடல் கடந்த நாட்டுக்கும் அனுப்பலாம். ஒற்றைச் செல்லின் வழிவந்தது என்னும் பொருளில் அதற்கு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்று பெயர் அமைந்தது. கட்டுரையின் முடிவில், இத்தகைய செல் வளர்ப்புகள் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயன்படக்கூடும் என்ற அடக்கமான குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பின் பொருளை அப்போது பலர் உணரவில்லை.

உணராதவர்களில் பிரிட்டன் அரசின் அமைப்பும் ஒன்று. கண்டுபிடிப்பைப் பற்றி மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு மில்ஸ்டைன் முறைப்படி தெரிவித்தார். அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறும் பொறுப்பு, தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்திடம் இருந்தது. அந்தக் கழகம் உடனடியான நடைமுறைப் பயன் எதையும் அதில் காணவில்லை. கழகத்தின் பதில் 1976-இல் வந்தபோது கட்டுரை வெளியாகி ஓராண்டு கடந்துவிட்டது. வெளியான பின் காப்புரிமைக்கு இடமில்லை. இதற்கிடையே, மில்ஸ்டைன் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்த புற்றுநோய்ச் செல்களைப் பெற்றவர்களுள் அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தைச் சேர்ந்த ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியும் ஒருவர். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தச் செல்களைக்கொண்டு தயாரித்த எதிர்ப்பொருள்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். செய்தி தெரிந்ததும் பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது. உள்நாட்டு அறிவை அயலார் அறுவடை செய்துவிட்டார்கள் என்ற புலம்பல் பல ஆண்டுகள் ஓயவில்லை.

அந்தப் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவின் பயனில் ஒரு பங்கு மக்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது சரியான எதிர்பார்ப்பே. ஆயினும், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அடிப்படை முறைக்குக் காப்புரிமை இல்லாததால்தான், அனுமதிக்காகவோ உரிமத் தொகைக்காகவோ காத்திராமல் உலகின் எந்த மூலையிலுள்ள ஆய்வகமும் அந்த முறையைக் கையாள முடிந்தது. கேட்டு எழுதியவர்களுக்கு மில்ஸ்டைன் செல்களை அனுப்பினார். முறையைக் கற்க வந்தவர்களைத் தம் ஆய்வகத்தில் ஏற்றுக்கொண்டார். இந்தக் கண்டுபிடிப்பால் அவருக்குப் பெருஞ்செல்வம் எதுவும் சேரவில்லை.

முறை பரவிய கதையிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதல் வெற்றிக்குப் பிறகு பல மாதங்கள் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலேயே அந்தச் சோதனை மீண்டும் பலிக்கவில்லை. உலகமே திரும்பிப் பார்த்த கண்டுபிடிப்பு அதன் பிறப்பிடத்திலேயே பொய்த்துப்போவது எத்தகைய சங்கடம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தபோதுதான், பயன்படுத்திய கரைசல் ஒன்று செல்களைக் கொல்லும் நஞ்சாகிவிட்டிருந்தது தெரியவந்தது. கோட்பாடு சரி, கைத்திறன் சரி, குப்பியில் இருந்தது மட்டும் தவறு. குப்பியின்மேல் எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது என்ற அந்த அனுபவத்தின் பொருள், பின்னர் வேறொரு வடிவில் அறிவியல் உலகுக்கே உறைக்கவிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மில்ஸ்டைன் பிற துறையினருடன் கைகோத்து, தம் கருவி எங்கெல்லாம் பயன்படும் என்பதைக் காட்டத் தொடங்கினார். குருதி வகையை அறியும் சோதனைக்கு மனிதர்களிடமிருந்து பெற்ற நிணநீருக்குப் பதிலாக இந்த எதிர்ப்பொருள்கள் வந்தன. தம் நாட்டவரான கிளாவ்தியோ குவேல்லோவுடன் சேர்ந்து, மூளைத் திசுவில் நரம்புச் செய்தி கடத்தும் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை மோனோகுளோனல் எதிர்ப்பொருளால் காட்டிய ஆய்வு 1979-இல் வெளிவந்தது. கூன்ஸின் கனவும் மில்ஸ்டைனின் கருவியும் அங்கே சந்தித்தன. அதன்பின், திசுவுக்குள் எந்தப் புரதத்தையும் பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற நம்பிக்கை ஆய்வாளர்களிடையே பரவியது.

அந்த நம்பிக்கையின் மிகப் பயனுள்ள விளைவுகளில் ஒன்றுதான் தொடக்கத்தில் சொன்ன மார்பகப் புற்றுநோய்ச் சோதனை. சிகாகோவைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோய்கள் ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியவை என்பதை முன்பே காட்டியிருந்தார். ஆனால், அந்த ஏற்பியை அளக்கக் கட்டித் திசுவை உடனே உறையவைத்து, அரைத்து, கதிரியக்கம் ஏற்றப்பட்ட ஹார்மோனோடு கலக்க வேண்டியிருந்தது. பெரிய அளவில் திசு வேண்டும். எந்தச் செல்லில் ஏற்பி இருந்தது என்பதும் தெரியாது. ஜென்சன், ஜெஃப்ரி கிரீன் குழுவினர் 1980-இல் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். 1984-இல் அவற்றைக்கொண்டு கிரீனும் வில்லியம் கிங்கும் திசுவைப் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. ஹார்மோன் வரும்வரை ஏற்பி செல்லின் வெளிப்பகுதியில் காத்திருந்து, பிறகே உட்கருவுக்குள் செல்கிறது என்று ஜென்சன் உள்படப் பலரும் கருதிவந்தனர். எதிர்ப்பொருளோ ஏற்பியை உட்கருவிலேயே காட்டியது. மரபணுக்களைப் படியெடுக்கச் செய்யும் அந்தப் புரதம், மரபணுக்கள் இருக்கும் இடத்திலேயே குடியிருந்தது. தாம் வளர்த்த கருத்தையே தம் குழுவில் பிறந்த கருவி திருத்துவதை ஜென்சன் கண்டார்.

இன்று ஏற்பி சோதனை உலகெங்கும் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்று. உட்கருக்களில் நூற்றுக்கு ஒன்று நிறம் கொண்டாலும் ஏற்பி உள்ளதாகக் கொள்ள வேண்டும் என்று 2010-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வகுத்த அளவுகோல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை இந்த ஏற்பியைக் கொண்டவை. அத்தகைய நோயாளிகளுக்குத் தமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் பயன் தருகின்றன. ஏற்பி இல்லாதவர்களுக்கு அம்மாத்திரைகளால் நன்மை கிட்டுவதில்லை.

உட்கருவில் ஏற்பி கண்டறியப்பட்ட அதே 1984-இல் மில்ஸ்டைன், கோலர், நோய் எதிர்ப்பாற்றல் கோட்பாடுகளை வகுத்த நீல்ஸ் ஜெர்னே ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ராணுவ ஆட்சி நீங்கி மக்களாட்சி திரும்பி ஓராண்டுகூட ஆகாத ஆர்ஜென்டீனா அந்தச் செய்தியைக் கொண்டாடியது. கொண்டாட்டத்துக்குள் ஒரு குற்றவுணர்வும் கலந்திருக்க வேண்டும். பரிசுக்குரிய பணி முழுவதும் கேம்பிரிட்ஜில் நடந்தது. அதைச் செய்தவரை வெளியேறச் செய்தது அந்த மண்.

பரிசுக்குப் பிறகும் மில்ஸ்டைன் ஆய்வு மேசையை விட்டு விலகவில்லை. அவரை முதலில் ஈர்த்த எதிர்ப்பொருள்களின் பன்மைப் புதிருக்கே திரும்பினார். அவருடைய ஊக்கம் பெற்ற கிரெகரி வின்டர், அதே ஆய்வகத்தில் சுண்டெலியின் எதிர்ப்பொருளை மனித உடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றினார்; அந்த வழியில் பிறந்த மருந்துகள் இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகின்றன. வின்டர் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். கோலர் 1995-இல், 48 வயதில் காலமானார். மில்ஸ்டைன் 2002 மார்ச் 24 அன்று கேம்பிரிட்ஜில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 74.

அவர் விட்டுச்சென்ற கருவி இன்று பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆய்வுக்கான எதிர்ப்பொருள்களை நிறுவனங்கள் பட்டியலிட்டு விற்கின்றன; ஒரே புரதத்துக்குப் பத்து இருபது எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றுள் முயல், ஆடுகளின் நிணநீரிலிருந்து பிரித்தவையும் உண்டு, மோனோகுளோனல்களும் உண்டு. அவையெல்லாம் தாம் பற்றுவதாகச் சொல்லும் புரதத்தைத்தான் பற்றுகின்றனவா? மோனோகுளோனல் என்பது எதிர்ப்பொருள் மாறாதது என்பதற்கான உறுதி மட்டுமே. அது சரியான இலக்கைப் பற்றுகிறது என்பதற்கான உறுதி அன்று. தவறான புரதத்தையும் மாறாமல் பற்றிக்கொண்டிருக்கலாம்.

இதன் விலையை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் உடன்பிறப்பு ஒன்று காட்டிக்கொடுத்தது. 1996-இல் ஈஸ்ட்ரோஜனுக்கு இரண்டாவது ஏற்பி ஒன்று உண்டு என்று கண்டறியப்பட்டது. பீட்டா என்று பெயரிடப்பட்ட அதுவும் மரபணுப் படியெடுப்பைக் கட்டுப்படுத்தும் புரதமே. மார்பகத் திசுவில் அது இருக்கிறது, புற்றுநோயில் அதற்குப் பங்கு உண்டு என்று ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. 2017-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த ஏற்பிக்கென்று பயன்பாட்டில் இருந்த 13 எதிர்ப்பொருள்களைக் கடுமையாகச் சோதித்தனர். ஒன்றே ஒன்றுதான் நம்பகமாகத் தேறியது. அதைக்கொண்டு பார்த்தபோது, இயல்பான மார்பகத் திசுவிலும் சரி, மார்பகப் புற்றுநோயிலும் சரி, அந்தப் புரதம் தென்படவில்லை. இருபது ஆண்டுகள் பல ஆய்வகங்கள் நுண்ணோக்கியில் கண்ட நிறம் வேறு எதனுடைய நிறமோ!

அந்த இருபது ஆண்டுகளில் செலவான பணத்தைவிட, அதில் பங்குகொண்ட நோயாளிகள் அளித்த திசுக்களும் இளம் ஆய்வாளர்கள் செலவிட்ட காலமும் பெரியவை. அவர்களில் பெரும்பாலோர் எவரையும் ஏமாற்ற எண்ணியவர்கள் அல்லர். குப்பியின் மேலிருந்த பெயரை நம்பினார்கள், அவ்வளவே. 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் ஒன்றுசேர்ந்து, ஆய்வுக்கான எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசையாலேயே அடையாளப்படுத்த வேண்டும், அந்த வரிசை அனைவருக்கும் தெரிய வேண்டும் என்று வலியுறுத்தினர். வணிக இரகசியம் என்ற திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கருவியைச் சரிபார்க்க வழியில்லை என்பதே அவர்களுடைய வாதம். ஆய்வு எதிர்ப்பொருளை வாங்கும் ஒவ்வொரு ஆய்வகமும், இலக்குப் புரதம் நீக்கப்பட்ட செல்லில் அதை முதலில் சோதிக்க வேண்டும் என்ற எளிய விதியும் இப்போது வலுப்பெற்றுவருகிறது. புரதமே இல்லாத இடத்தில் நிறம் தெரிந்தால், அந்தக் குப்பி பொய் சொல்கிறது.

மில்ஸ்டைனின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது இந்த இடத்தில்தான் அவருடைய பெருந்தன்மையின் முழுப்பொருள் விளங்குகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் செல்களை அனுப்பியதை வெறும் ஈகைக் குணமாகப் புகழ்ந்துவிட்டுச் செல்லலாம். அது அறிவியலின் தேவையும்கூட. ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் பல கைகளில் இருந்தால்தான் ஒருவர் கண்டதை மற்றவர் சோதிக்க முடியும். சோதித்துத் தேறியதையே மருத்துவர் நம்ப முடியும். கருவி பூட்டிவைக்கப்படும் இடத்தில் பிழையும் சேர்ந்து பூட்டப்படுகிறது.

இது நமக்கும் உரிய செய்தி. அறிவியல் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவதைப் பற்றியும், காப்புரிமைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். வாங்கிய கருவி நம்பத்தக்கதா என்று சோதிப்பதற்கு நேரமும் பணமும் ஒதுக்குவதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்டதைச் சரிபார்க்கும் ஆய்வுக்குப் புகழும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கோப்பை மூடிவைக்கும் அதிகாரிகளுக்கும் எந்த நாட்டிலும் குறைவில்லை. ஆர்ஜென்டீனா ஓர் அறிஞரை இழந்தது. பிரிட்டன் ஓர் உரிமையை இழந்தது. உலகம் எதையும் இழக்காததற்குக் காரணம், அந்த அறிஞர் தம்மிடம் இருந்ததை மூடிவைக்கவில்லை என்பதே.

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் முடிவுக்காகக் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு மில்ஸ்டைனின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கண்ணாடித் தகட்டில் தெரியும் பழுப்பு நிறம் உண்மையானது என்ற உறுதிதான் அவருக்கு வேண்டும். அந்த உறுதியைக் குப்பியின்மேல் ஒட்டிய பெயர் தராது. ஒருவர் கண்டதைப் பலர் சரிபார்க்க முடிந்த இடத்திலேயே அது பிறக்கிறது.